கடல் கடந்து படிக்கும் பிள்ளையும் வீட்டில் இருப்போரும்



சென்ற ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு தகப்பனார் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்திற்கு வந்தார். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. அவருடைய மூத்த மகனுக்கு இங்கிலாந்தில் படிக்க உபகாரச் சம்பளம் கிடைத்திருந்தது. "சார், இன்னும் மூணு வாரந்தான் இருக்கு. பெட்டியில என்னென்ன வச்சு அனுப்பணும்னு சொல்லுங்க" என்று கேட்டார்.

பெட்டியில் வைக்க வேண்டியதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆனால், பெட்டியில் வைக்க முடியாத சில காரியங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் ஒரு பிள்ளையை அனுப்பி வைத்த தவறு என்னுடையது. ஆகவே அவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். அன்று அவரிடம் பேசியதையே இன்று உங்களிடமும் பேசப் போகிறேன். தோட்டத்தில் இன்னும் இருக்கும் குடும்பங்களானாலும், தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களானாலும், வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளை நம் வீடுகளிலும் இருக்கத்தான் செய்கிறது. என் பழைய மாணவர்கள் மூவர் போய்ப் படித்த நாடு என்பதால் பிரிட்டனையே உதாரணமாக எடுத்துக் கொள்கிறேன்.

நேயர்களே, கடல் கடப்பது நமக்குப் புதிதன்று. நம் பாட்டன் பூட்டன்மார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலும், இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் அழைக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வந்து இறங்கியவர்கள். ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் தலை நிமிர்ந்து கேட்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். படிப்பதற்காகப் போனவர்களும் உண்டு. 1952ஆம் ஆண்டு முதல் 1962ஆம் ஆண்டு வரை, லிவர்பூல் நகருக்கு அருகில் உள்ள கெர்பி என்னும் இடத்தில் மலாயா ஆசிரியர்களுக்கென்றே ஒரு பயிற்சிக் கல்லூரி நடந்தது. 1956 பிப்ரவரியில் துங்கு அப்துல் ரஹ்மான் அங்கே சென்று, நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகும் செய்தியை அந்த மாணவர்களுக்கு அறிவித்தது சரித்திரம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் முன்னோர் பெரும்பாலும் கூட்டமாக வந்தார்கள். ஒரே ஊர்க்காரர், உறவுக்காரர் என்று பக்கத்தில் ஆள் இருந்தது. கெர்பிக்குப் போனவர்களும் நம் நாட்டு மாணவர்கள் நூற்றுக்கணக்கானோர் இருந்த ஒரே வளாகத்தில் தங்கினார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த அறைக்காரன் கஞ்சி வைத்துக் கொடுப்பான். இன்று நம் பிள்ளை தனியாகப் போகிறது. விடுதியில் அடுத்த அறையில் இருப்பவர் யார், எந்த நாட்டவர் என்பதுகூட அங்கே போன பிறகுதான் தெரியும். முன்னோருக்கு இருந்த அந்தத் துணை நம் பிள்ளைக்கு இல்லை. அந்தக் குறையை நிரப்புவது எப்படி என்பதுதான் கேள்வி.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி வடக்கு இங்கிலாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்திற்குப் போனாள். தாயார் பால்மரம் வெட்டுபவர். கெட்டிக்காரப் பெண். புறப்படுவதற்கு முதல் நாள் என்னிடம் ஆசி வாங்க வந்தாள். நான் பெரிய மனிதர் தோரணையில், "அம்மா அப்பாவுக்கு உன் கஷ்டத்தையெல்லாம் சொல்லிக் கவலை உண்டாக்காதே. எல்லாவற்றையும் நீயே சமாளித்துக்கொள்" என்று புத்தி சொன்னேன். நல்ல புத்தி சொல்லிவிட்டதாகவே நினைத்தேன்.

அவள் என் சொல்லை அப்படியே காப்பாற்றினாள். அங்கே போனதும் உபகாரச் சம்பளத்தின் முதல் தவணை வர வாரக் கணக்கில் தாமதமாயிற்று. கையில் கொண்டுபோன பணம் அறை வாடகைக்கும் குளிர்ச் சட்டைக்கும் போய்விட்டது. ரொட்டியும் தேநீருமாக நாளைக் கடத்தினாள். வீட்டாருடன் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம், "நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்மா" என்றே சொன்னாள். நவம்பர் மாதம் காய்ச்சலில் படுத்தாள். இரண்டு கட்டுரைகளைக் குறித்த நாளில் கொடுக்கவில்லை. வெட்கத்தால் வகுப்புக்கும் போகவில்லை. பக்கத்து அறையில் இருந்த வேற்று நாட்டுப் பெண் ஒருத்தி கதவைத் தட்டிப் பார்த்து, கையைப் பிடித்து மாணவர் ஆலோசனை அலுவலகத்திற்குக் கூட்டிப் போனாள். அங்கே அவசர உதவிப் பணம் கொடுத்தார்கள். மருத்துவரிடம் அனுப்பினார்கள். கட்டுரைகளுக்குத் தவணை வாங்கித் தந்தார்கள். அந்த அலுவலகம் அவள் அறையிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்ததாம்.

பிறகு ஒரு நாள் அவள் என்னோடு தொலைபேசியில் பேசியபோது, "ஏம்மா இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சார், நீங்கதானே சொன்னீங்க, கஷ்டத்த வீட்டுல சொல்லாதேன்னு" என்றாள். அந்தப் பதில் இன்னும் என்னை உறுத்துகிறது.

நேயர்களே, வெளிநாடு போகும் பிள்ளைக்குத் துன்பம் பெரும்பாலும் முதல் வாரத்தில் வருவதில்லை. முதல் வாரம் எல்லாம் வேடிக்கையாக இருக்கும். படம் எடுத்து அனுப்பும். ஆறாவது, எட்டாவது வாரத்தில்தான் மனம் சோரும். அதற்குக் காரணங்கள் உண்டு. செப்டம்பரில் போகும் பிள்ளைக்கு, அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதற்குப் பிறகு பொழுது வேகமாகச் சுருங்கும். டிசம்பரில் வடக்கு இங்கிலாந்தில் காலை 8 மணிக்கு மேல்தான் விடியும். மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி வெயில் காயும் நாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது உடம்பையும் மனத்தையும் ஒருங்கே வாட்டும். அதே நேரத்தில்தான் முதல் கட்டுரைகளுக்கு மதிப்பெண் வரும். இங்கே எல்லாப் பாடத்திலும் முதலாக வந்த பிள்ளை, அங்கே நடுத்தர மதிப்பெண்ணைக் கண்டு திடுக்கிடும். ஊரிலோ தீபாவளி நடந்துகொண்டிருக்கும்.

வெயில் குறைவதால் உடம்புக்கு வேண்டிய 'டி' வைட்டமினும் குறையும். அங்குள்ள பொதுச் சுகாதாரத் துறை, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லாரும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் 'டி' வைட்டமின் எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கச் சொல்கிறது. நம்மைப் போல் கருத்த தோலுடையவர்கள் ஆண்டு முழுவதும் யோசிக்கலாம் என்கிறது. மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரைதான். இதைச் சொல்லி அனுப்புங்கள்.

இனி, புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, சமையல். ஆணானாலும் பெண்ணானாலும் பிள்ளைக்குச் சோறு, பருப்பு, ஒரு குழம்பு, ஒரு முட்டைப் பொரியல் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். "படிக்கிற பிள்ளை அடுப்படிக்கு ஏன் வரவேண்டும்?" என்று நாம் செல்லம் கொடுக்கிறோம். அந்தச் செல்லம் அங்கே பட்டினியாக முடியும். கடையில் வாங்கித் தின்று கட்டுப்படியாகாது. பிரிட்டனில் மின்சாரச் செருகி நம் நாட்டில் உள்ள அதே மூன்று சதுரக் கால் செருகிதான். நம் வீட்டு மின்சாரச் சோற்றுப் பானை அங்கே வேலை செய்யும். ஆனால், விடுதியில் அதற்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று: விடுதிகளில் புகையைக் கண்டால் அலறும் கருவி உண்டு. என் மாணவன் ஒருவன் சம்பல் தாளிக்கப் போய், இரவு நேரத்தில் விடுதியையே குளிரில் வெளியே நிற்க வைத்துவிட்டான்! ஆகவே தாளிக்கும்போது அடுப்பைத் தணித்து, புகைபோக்கியைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பெட்டி. தாய்மார்களே, நெய்யும் பால் இனிப்பும் இறைச்சிப் பொருளும் வைக்காதீர்கள். நம் நாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டு செல்ல பிரிட்டனில் அனுமதி இல்லை. விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். மசாலைத் தூள் கொஞ்சம் வையுங்கள். கனத்த குளிர்ச் சட்டையை இங்கே அதிக விலைக்கு வாங்க வேண்டாம். அங்கே வாங்குவதே பொருத்தமாக இருக்கும். ஒரே தடித்த சட்டையைவிட, மெல்லிய சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவதே குளிருக்கு நல்லது.

மூன்றாவது, பணம். முதல் தவணை தாமதமாகலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். இரண்டு மாதச் செலவுக்காவது பணம் கையில் இருக்கட்டும். விடுதியை விட்டு வெளியில் வீடு பிடிப்பதானால், கண்ணால் பார்க்காத அறைக்கு யார் கேட்டாலும் பணம் அனுப்பக் கூடாது. இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனியார் வாடகை வீட்டுக்குப் பொதுவாக 5 வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. அதற்கு மேல் கேட்டால் கையெழுத்துப் போடுமுன் மாணவர் சங்கத்தில் விசாரிக்கட்டும்.

அங்கே போய் இறங்கிய முதல் இரண்டு வாரத்தில் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. வட்டார மருத்துவரிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். விசாவுக்கு மனுச் செய்யும்போதே சுகாதாரக் கட்டணம் வாங்கிவிடுகிறார்கள். 2024 பிப்ரவரி முதல் மாணவருக்கு அது ஆண்டுக்கு 776 பவுண்டு. அவ்வளவு பணம் கட்டிவிட்டு, "டாக்டரிடம் போனால் செலவாகுமே" என்று காய்ச்சலோடு படுத்துக் கிடக்கும் பிள்ளைகள் உண்டு. என் மாணவியும் அப்படித்தான் கிடந்தாள். மருத்துவரைப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கும் பல் வைத்தியத்திற்கும் மட்டும் பணம் தேவைப்படலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999. அவசரமில்லாத உடம்புச் சந்தேகத்திற்கு 111. இந்த இரண்டு எண்களையும் வீட்டாரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை பார்த்துச் சம்பாதிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பட்டப் படிப்பு மாணவருக்குப் பொதுவாக, வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரம் வரைதான் அனுமதி. சுயதொழில் கூடாது. கைத்தொலைபேசிச் செயலி மூலம் வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பெரும்பாலும் சுயதொழிலாகவே கணக்கிடப்படும். அதில் இறங்கினால் விசாவே போகலாம். உபகாரச் சம்பளம் கொடுப்பவர்கள் வேலை செய்வதையே தடுத்திருக்கவும் கூடும். ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். அங்கே சம்பாதித்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் என்ற எண்ணம் நமக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொரு அபாயம், தொலைபேசி மோசடி. "குடிநுழைவு அதிகாரி பேசுகிறேன், உன் விசாவில் கோளாறு, உடனே பணம் கட்டு" என்று மிரட்டுவார்கள். எந்த அதிகாரியும் தொலைபேசியில் அப்படிப் பணம் கேட்க மாட்டார். பேச்சை முறித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்கச் சொல்லுங்கள். இதே மாதிரி உங்களையும் அழைத்து, "உங்கள் மகன் ஆபத்தில் இருக்கிறான்" என்று பணம் கேட்பவர்கள் உண்டு. முதலில் பிள்ளையை அழைத்துப் பேசுங்கள்.

படிப்பைப் பற்றி ஓர் ஆசிரியனாக இரண்டு வார்த்தை. நம் பள்ளிகளில் மாதிரி விடைகளை மனப்பாடம் செய்ய வைத்தோம். ஆசிரியர் பேசும்போது வாய் திறவாத பிள்ளையை "அடக்கமான பிள்ளை" என்று மெச்சினோம். அங்கே சிறு குழு வகுப்புகளில் வாய் திறவாவிட்டால், படிக்காமல் வந்திருப்பதாக எண்ணிக்கொள்வார்கள். பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்வார்கள். நம் பிள்ளைக்கு நாக்கு எழாது. ஆனால் அது அவமரியாதை அல்ல, அந்த நாட்டு வழக்கம். புத்தகத்தில் உள்ளதை எடுத்து, எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாமல் எழுதுவதை அங்கே திருட்டாகவே கருதுவார்கள். கணினி எழுதித் தந்ததைத் தன் எழுத்தாகக் காட்டினாலும் அதே கதைதான். படிப்பே பறிபோகக் கூடும். நோயோ துக்கமோ வந்து கட்டுரை கொடுக்க முடியாவிட்டால், குறித்த நாளுக்கு முன்பே எழுதித் தவணை கேட்க வேண்டும். நாள் கடந்தபின் கேட்டால் கிடைப்பது கடினம். "எனக்குப் புரியவில்லை", "எனக்கு உதவி வேண்டும்" என்னும் இந்த இரண்டு வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் கூசாமல் சொல்லப் பழக்கி அனுப்புங்கள்.

இனி, வீட்டில் இருக்கும் நமக்கு உள்ள வேலை.

நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கோடைக் காலத்தில் பிரிட்டன் நமக்கு 7 மணி நேரம் பின்னால். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை 8 மணி நேரம் பின்னால். நீங்கள் விடியற்காலை 5.30க்குப் பெரட்டுக்குப் புறப்படும்போது, குளிர்காலத்தில் அங்கே முதல் நாள் இரவு 9.30. பிள்ளை அறையில் தனியாக இருக்கும் நேரம். ஐந்து நிமிடம் பேச அது நல்ல வேளை.

என்ன பேசுவது? "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். முன்பெல்லாம் கடிதம் எழுதியபோது, இரண்டு பக்கம் நிரப்புவதற்காவது மனத்தில் உள்ளது வெளியே வந்தது. இன்று முகம் பார்த்துப் பேசுகிறோம்; பிள்ளை சிரித்துக் காட்டிவிட்டுப் போகிறது. ஆகவே கேள்வியை மாற்றுங்கள். "இன்னிக்கு என்ன சமைச்சே?" "இந்த வாரம் யார்கூட உட்கார்ந்து சாப்பிட்டே?" "கையில எவ்வளவு காசு இருக்கு?" "எந்தப் பாடம் கஷ்டமா இருக்கு?" இப்படிக் கேட்டால் பொய் சொல்வது சிரமம். கஷ்டம் ஒன்றைச் சொன்னால் உடனே அழாதீர்கள், "இதுக்காகவா உன்னை அனுப்பினோம்?" என்றும் கேட்காதீர்கள். ஒரு முறை அப்படிக் கேட்டால், மறுமுறை பிள்ளை வாய் திறக்காது.

நாமும் மறைக்கக் கூடாது. பாட்டி படுக்கையில் கிடப்பதை, "படிப்பு கெட்டுவிடும்" என்று மறைக்கிறோம். இறந்தபின் சொல்கிறோம். அன்றிலிருந்து வீட்டார் சொல்லும் எதையும் பிள்ளை நம்பாது. ஒவ்வொரு அழைப்பையும் பயத்தோடு எடுக்கும். அங்கிருந்து ஒரு பொய், இங்கிருந்து ஒரு பொய் என்று போனால், பேசிக்கொண்டே இருந்தும் ஒருவரையொருவர் அறியாதவர்களாகிவிடுவோம்.

தோட்டத்துக்கே பெருமை என்று மாலை போட்டு அனுப்புகிறோம். நல்லதுதான். ஆனால் அந்த மாலையின் பாரமும் பிள்ளையோடு போகிறது. "தோற்றால் எந்த முகத்தோடு திரும்புவேன்?" என்று பிள்ளை நடு இரவில் நினைக்கிறது. அனுப்பும் நாளிலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "எது நடந்தாலும் இந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும்." உடம்போ மனமோ மிகவும் தளர்ந்தால், படிப்பைச் சில காலம் நிறுத்தி வைத்துத் தொடரவும் வழி உண்டு. விசாவும் உபகாரச் சம்பளமும் அதனால் பாதிக்கப்படலாம் என்பதால், முடிவு எடுக்குமுன் பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகங்களில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போவது பைத்தியக்காரத்தனம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஒரு கோவிலுக்கோ, நம் நாட்டு மாணவர் சங்கத்திற்கோ போய் வருவதும் மருந்துதான். லண்டன் பக்கம் இருந்தால் 1986இல் எழுந்த ஹைகேட் முருகன் கோவில் உண்டு. ஈழத் தமிழர் கடைகளில் முருங்கைக்காயும் கிடைக்கும்.

என் மாணவி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். முதலாண்டில் ஒரு பாடத்தை மறுபடி எழுதினாள். பட்டம் பெற்று வந்துவிட்டாள். என்றாலும், அந்த மூன்று மாதத்தை அவள் தாயார் இன்னும் மறக்கவில்லை. "சாப்பிட்டேன்மான்னு சொன்னப்பல்லாம் நான் நம்பிட்டேனே சார்" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகஸ்டில் வந்த அந்தத் தகப்பனாரிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: பெட்டியை மகனே அடுக்கட்டும். நீங்கள் அவனை உட்கார வைத்து, "கஷ்டம் வந்தால் முதலில் எங்களிடம் சொல்" என்று சொல்லுங்கள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதச் சொல்லத்தான் சார் எனக்குக் கூச்சமா இருக்கு" என்றார். கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள் என்றேன்.

உங்களுக்கும் அதையே சொல்லி விடைபெறுகிறேன்.